நுரைக்குக் கீழே – அத்தியாயம் 11: மூன்றாவது கிளாஸ்

பழி வாங்கப் போகிறவள் அன்று காலை பேஸ்ட் போட்டுப் பல் தேய்க்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் சின்னவள் வெறும் பிரஷால் தேய்த்து, வெறும் தண்ணீரில் கொப்பளித்தாள். சோப்பு போடாமல் குளித்தாள். காபி வேண்டாம் என்று வைத்துவிட்டாள். மூன்று முறை அலசிக் காயவைத்த சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

நாக்கும் மூக்கும் துடைத்துவைத்த மாதிரி இருக்க வேண்டும். பதினோரு மாதமாகக் காத்திருந்த நாள். அண்ணன் காய்ச்சிய பீர் எந்தக் கிளாஸில் வந்தாலும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

புதிதாக வந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வாராவாரம் படிப்பவர்கள் தாண்டிப் போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஊர் ஓரத்தில் அப்பாவின் சின்ன பீர் ஆலை. பிள்ளைகள் இரண்டு பேர். பெரியவன் வாய்க்காரன். சின்னவள் மூக்குக்காரி, வீட்டில் அவள் பெயரே 'மூக்கி'தான். ஒரு ஜுரத்துக்குப் பிறகு அப்பாவுக்கு வாசனை தெரியாமல் போய்விட, காய்ச்சும் வேலை சின்னவள் கைக்கு வந்தது. அவள் உருவாக்கியதுதான் அந்தக் கலங்கல் பீர். வழக்கமான பீர் போலத் தெளிந்து நிற்காது. ஆரஞ்சுச் சாறு போலக் கலங்கி நிற்கும். வாயில் வைத்தால் பழக்கடைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். பழம் என்று அதில் ஒரு துண்டு கிடையாது. எல்லாம் கசப்பும் மணமும் கொடுக்கிற ஹாப்ஸ் பூவும், புளிக்கவைக்கிற ஈஸ்ட்டும் சேர்ந்து செய்கிற வேலை.

பதினோரு மாதத்துக்கு முன்னால், பெரிய டேங்கின் மேல்மூடி ஒரு நாள் முழுக்கத் திறந்து கிடந்தது. உள்ளே காற்று புகுந்து, டேங்க் பீர் மொத்தமும் பழைய டீ நிறத்துக்கு வந்துவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம். அன்று நண்பர்களைக் கூட்டிவந்து ஆலையைச் சுற்றிக் காட்டியவன் பெரியவன். அப்பாவிடம் போய், "சின்னவதான் மூட மறந்துட்டா" என்று சொன்னவனும் அவன்தான். அப்பா அதை நம்பினார். இனி ஆலைப் பக்கம் வராதே என்றார்.

சின்னவள் சும்மா போகவில்லை. தான் வளர்த்த ஈஸ்ட் பாட்டில் மூன்றிலும் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாள். ஈஸ்ட் செத்தால் அந்தப் பீரும் செத்தது. வாசலில் நின்று அதைப் பார்த்த அண்ணி, தடுக்கவும் இல்லை, ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. அண்ணன் மேல் இருந்த ஆத்திரத்தில் ஒரு கரண்டியை அண்ணிக்கும் சேர்த்துத்தான் சின்னவள் எடுத்துவைத்திருந்தாள்.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த மூடியைத் திறந்தது அவள் இல்லை என்று அப்பா தன் காதால் கேட்க வேண்டும், நாலு பேர் முன்னால்.

இப்போது அவள் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரை மோந்து பார்க்கிற வேலையில் இருக்கிறாள். தண்ணீரில் மோப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். எந்தத் தெருக் குழாயில் துரு, எந்தத் தொட்டியில் பாசி என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். அந்தப் புகழ் பரவித்தான் இந்த வருடக் கலங்கல் பீர்ப் போட்டிக்கு ஐந்து நடுவர்களில் ஒருத்தியாக அவளை அழைத்திருந்தார்கள்.

கிளம்பும் முன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னைக்கு உன் வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்துறேன் அண்ணா."

போட்டி நகர நூலகத்தின் மேல்மாடியில் நடந்தது. சமையல் வாசனையும் சிகரெட் வாசனையும் அண்டாத கூடம் ஊரில் அது ஒன்றுதான். 'அமைதி காக்கவும்' என்று எழுதிய பலகைக்குக் கீழே கிளாஸ்களை அடுக்கிவைத்திருந்தார்கள்.

தலைமை நடுவர் ஒரு பல்டாக்டர் அம்மா. யார் சிரித்தாலும் முதலில் கடைவாய்ப் பல்லைப் பார்ப்பார், பிறகுதான் ஆளைப் பார்ப்பார். சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க அப்பா ஆலையும் கலந்துக்குது. தெரியும்ல?"

"தெரியும் டாக்டர்."

"கிளாஸ்ல நம்பர் மட்டும்தான் இருக்கும். ஆனா உங்க மூக்கைப் பத்தி நான் கேள்விப்பட்டிருக்கேன். இது நம்ம வீட்டுச் சரக்குன்னு தெரிஞ்ச நிமிஷமே கிளாஸைக் கவிழ்த்து வச்சிடணும். மார்க் போடக்கூடாது. முடிவு சொல்றப்ப ஏன் கவிழ்த்தீங்கன்னு நான் கேப்பேன், எல்லார் முன்னாலயும் காரணம் சொல்லணும். இங்க இதுதான் வழக்கம். இதுவரைக்கும் யாரும் மீறினதில்ல."

"கவிழ்த்துடறேன்."

"மனசுல கோபதாபம் ஏதாவது..."

"தண்ணியை மோந்து பாக்கறவளுக்கு ஏது டாக்டர் கோபம்?" என்று சிரித்தாள் சின்னவள்.

பல்டாக்டர் அம்மா அவள் பல்லைப் பார்த்தார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறவர்களின் பல் எப்படித் தேய்ந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் நடுவர் நாற்காலியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு விதியும் உண்டு. ஜெயித்தவர் மறுநாள் காலை எட்டு மணிக்கு, நடுவர்கள் கண்முன்னால், அதே பீரைத் தன் கையால் காய்ச்சத் தொடங்க வேண்டும். கூடமாட யாரும் நிற்கக்கூடாது. பதினைந்து நாள் கழித்து அதே ஐந்து பேர் குடித்துப் பார்ப்பார்கள். வேறு மாதிரி இருந்தால் பரிசு போவதோடு போகாது. இன்னார் ஏமாற்றினார் என்று நூலக வாசலில் எழுதிப் போட்டுவிடுவார்கள். முன்பு ஒருவன் பக்கத்து ஆலையின் பீரைத் தன் பாட்டிலில் ஊற்றிவந்து ஜெயித்ததிலிருந்து இந்த ஏற்பாடு.

பதினோரு ஆலைகள். மதியத்துக்குள் எட்டு கழிந்துவிட்டன. கடைசிச் சுற்றுக்கு மூன்று கிளாஸ்கள் வந்தன.

சின்னவள் முதல் கிளாஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். நல்ல கலங்கல், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கலங்கலில் உயிர் இல்லை. ஒரு வாய் குடித்து, நாக்கை மேலண்ணத்தில் தேய்த்தாள். மாவு! ஓட்ஸும் கோதுமையும் ஊறிக் கொடுக்க வேண்டிய கலங்கலுக்கு, ஒரு கை மாவை அள்ளிப் போட்டுக் கலக்கியிருக்கிறான் புண்ணியவான்.

'இவன்தான்' என்று அவள் மனம் துள்ளியது. குறுக்குவழி என்றால் பெரியவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டு வரும். இருபதுக்கு மூன்று மார்க் போட்டாள். காரணம் என்ற இடத்தில், 'இதைக் குடிப்பதற்குப் பதில் போஸ்டர் ஒட்டலாம்' என்று எழுதினாள். எழுதி முடித்ததும் நெஞ்சில் குளுகுளுவென்று இருந்தது.

இரண்டாவதில் ஹாப்ஸை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தார்கள். தொண்டையில் பச்சைப் புல்லை வைத்துத் தேய்த்த மாதிரி காந்தியது. பக்கத்து நாற்காலியில் இருந்த ரொட்டிக்கடைக்காரர், "மாட்டுக்குக் குடுத்தா சந்தோஷப்படும்" என்று முணுமுணுத்தார். பல்டாக்டர் அம்மா 'அமைதி காக்கவும்' பலகையைக் கை காட்டினார்.

சின்னவள் மூன்றாவது கிளாஸை எடுத்தாள்.

வாய்க்குக் கொண்டுபோகவே இல்லை. கிளாஸ் மார்புக்கு நேராக வந்தபோதே கை நின்றுவிட்டது.

உரித்த ஆரஞ்சுத் தோல். அதற்குக் கீழே பீச்சுப் பழம். எல்லாவற்றுக்கும் அடியில், கண்ணை மூடினால்தான் வருகிற ஒரு வாசனை, அப்போதுதான் பிரித்த நோட்டுப் புத்தகத்தின் வாசனை. அதை அவளைத் தவிர யாரும் கண்டுபிடித்ததில்லை. அவள் வளர்த்த ஈஸ்ட்டைத் தவிர வேறு எதிலும் அது வந்ததும் இல்லை.

குடித்தாள். மெத்தென்று இறங்கியது. கசப்பு கடைசியில் வந்து, சொல்லிக்கொண்டு போனது.

அவளுடைய பீர். அவள் கொதிதண்ணீர் ஊற்றிக் கொன்ற பீர்.

'திருடன்!' என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. டேங்க் அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்து வைத்திருக்கிறான். என்னைத் துரத்திவிட்டு, நான் வளர்த்ததை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறான். என் பீரை என்னிடமே கொண்டுவந்து மார்க் கேட்கிறான்!

கண்ணில் தண்ணீர் முட்டியது. இப்படி ஒரு ருசியைத் திரும்பவும் நாக்கில் வைத்த சந்தோஷமும் அதில் இருந்தது என்பதை அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். நான் சொல்கிறேன், இருந்தது.

கவிழ்க்க வேண்டும். வழக்கம் அதுதான். வாக்கும் கொடுத்திருக்கிறாள். கை கிளாஸின் அடியைப் பிடித்தது.

பிறகு நிதானமாக யோசித்தாள். கவிழ்த்தால் அவள் மார்க் போகும், அவ்வளவுதான். மற்ற நாலு பேரும் இதற்கு அள்ளிக் கொடுப்பார்கள். ரொட்டிக்கடைக்காரர் இப்போதே கண்ணை மூடிச் சொக்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார். பூஜ்யம் போட்டாலும் பயனில்லை. அப்படியானால்?

நாளைக் காலை எட்டு மணி ஞாபகம் வந்தது.

பெரியவனுக்கு அடுப்பைப் பற்றவைக்கத் தெரியும். அதற்கு மேல் ஒரு மண்ணும் தெரியாது. இந்தப் பீரை யாரோ கூலிக்காரன் காய்ச்சியிருக்க வேண்டும். நாளைக்கு ஊரே பார்க்கத் தனியாக அவன் நிற்கட்டும். வியர்க்கட்டும். பதினைந்து நாள் கழித்து அவன் பெயரை நூலக வாசலில் எழுதட்டும். அப்பா அதை வாசிக்கட்டும்.

கிளாஸை நேராகவே வைத்தாள். இருபதுக்கு இருபது போட்டாள். பழி வாங்க முழு மார்க் போட்ட ஒரே நடுவர் உலகத்திலேயே அவளாகத்தான் இருப்பாள்.

நாலு மணிக்குக் கீழ்க் கூடத்தில் முடிவு சொன்னார்கள். வாசகர்கள் உட்காரும் நாற்காலிகளில் ஆலைக்காரர்கள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் அப்பா, அதே பழுப்புக் கோட்டில். ரொம்ப இளைத்திருந்தார். சின்னவள் பார்வையை அந்தப் பக்கமே கொண்டுபோகக்கூடாது என்று இருந்தாள். முடியவில்லை.

"முதல் பரிசு, மூணாம் நம்பர் கிளாஸ்" என்று சொல்லி, உறையைப் பிரித்து ஆலையின் பெயரை வாசித்தார் பல்டாக்டர் அம்மா.

பெரியவன் துள்ளி எழுந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் நகங்கள். மேடைக்குப் போகிற வழியில் நடுவர்கள் எல்லோருக்கும் கை கொடுத்தான். சின்னவளிடம் வந்ததும் குரலைத் தாழ்த்தி, "தாங்க்ஸ் மூக்கி. நீ பழசையெல்லாம் மறந்துட்டேன்னு தெரியுது" என்றான்.

மறந்ததை அவள் சொல்ல வேண்டும், அவன் சொல்கிறான். ஈரமில்லாத மிருதுவான கை. ஒரு வருடமாக ஒரு வாளியைக்கூடத் தூக்காத கை என்று தொட்டவுடன் தெரிந்தது.

மைக்கைப் பிடித்துவிட்டால் பெரியவனை இறக்குவது லேசான காரியமா? "இந்தக் கிளாஸ்ல இருக்கிற ஒவ்வொரு சொட்டும் என் ரெண்டு கையால காய்ச்சினது. நடுவுல எங்க ஆலைக்கு ஒரு கெட்ட பேரு வந்தது. சிலரோட அஜாக்கிரதை. அதை நான் ஒத்தை ஆளா நின்னு சரி பண்ணினேன்."

சிலரோட அஜாக்கிரதை! சின்னவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். முன்வரிசையில் அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"நடுவர்கள் யாராவது ஒரு கேள்வி கேக்கலாம்" என்றார் பல்டாக்டர் அம்மா.

சின்னவள் எழுந்தாள். கூடத்தில் சலசலப்பு அடங்கியது. அண்ணனும் தங்கையும் என்று பாதிப் பேருக்குத் தெரியும்.

"முதல் தடவை ஹாப்ஸை டேங்க்ல எந்த நாள் போட்டீங்க?"

பெரியவன் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. அதுதான் அவனிடம் பிரச்சினை. "எட்டாம் நாள். ஈஸ்ட் அடங்கினதுக்கு அப்புறம்தானே போடணும்? இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

நடுவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஈஸ்ட் துள்ளிக்கொண்டிருக்கும்போது பூவைப் போட்டால்தான் இந்தப் பீச்சுப் பழ வாசனை வரும். மூன்றாம் நாள். எட்டாம் நாள் போட்டால் வரவே வராது.

அப்பாவும் தலையைத் தூக்கிப் பார்த்தார். அவருக்கு மூக்குதான் போய்விட்டது, காது போகவில்லை.

"சரி" என்றார் பல்டாக்டர் அம்மா, சிரிக்காமல். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு, நீங்க மட்டும். பாத்துடலாம்."

பெரியவன் அப்போதுதான் எச்சில் விழுங்கினான். அந்தத் தொண்டை ஏறி இறங்கியதை சின்னவள் ரசித்து ரசித்துப் பார்த்தாள்.

கிளாஸ் கழுவும் சின்ன அறை கூடத்தின் பின்னால் இருந்தது. கைகழுவப் போன சின்னவளின் பின்னாலேயே ஒருத்தி வந்து கதவைச் சாத்தினாள்.

அண்ணி.

வெயில் காலத்தில் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டை. மூலையில் ஒரு பெரிய பாத்திரத்தில் கிளாஸ் அலசத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"வாழ்த்துக்கள் அண்ணி" என்றாள் சின்னவள். அந்த வார்த்தையைச் சொல்ல எவ்வளவு விஷம் வேண்டுமோ அவ்வளவும் அதில் இருந்தது. "உங்க வீட்டுக்காரர் என்னமா காய்ச்சுறாரு!"

அண்ணி சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டினாள். உள்கையெல்லாம் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. நகக்கண்களில் பச்சையும் மஞ்சளுமாகப் பிசின் ஏறியிருந்தது. ஹாப்ஸ் பூவை மூட்டையில் கைவிட்டு அள்ளுகிறவர்களுக்கு மட்டும் வருகிற தடிப்பு. முதல் வருடம் சின்னவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

"நீங்களா?"

"நாலு தடவை காய்ச்சினேன். மூணு தடவை கொட்டினேன். நாலாவதுதான் இது."

"ஈஸ்ட்? நான்தான் கொன்னுட்டேனே!"

"உன்னைப் போகச் சொல்லப்போறாங்கன்னு நீ போன அன்னைக்குக் காலையிலயே எனக்குத் தெரியும். கோபத்துல நீ எதையாவது கொட்டுவேன்னும் தெரியும். ஒரு ஸ்பூன் எடுத்து ஜாம் பாட்டில்ல போட்டு வச்சேன். முளைகட்டின பார்லித் தண்ணி கொதிக்கவச்சு ஆறவச்சு ஊத்தி, பதினோரு மாசமா ஃபிரிட்ஜ்ல வளர்த்தேன்."

சின்னவளுக்கு ஒரு கணம் அண்ணியைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அந்தக் கணம் நீடிக்கவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும். கேட்டுட்டு நீ என்ன வேணாலும் பண்ணு." அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள். "அந்த மூடியைத் திறந்தது உன் அண்ணன் இல்ல. நான்."

பாத்திரத்தில் தண்ணீர் தளதளத்தது.

"உனக்கு அன்னைக்கு நல்ல ஜுரம், ஆலை பின்னறையில படுத்துட்டே. டேங்க் மீட்டர் முள் எவ்வளவு காட்டுதுன்னு மட்டும் குறிச்சு வைக்கச் சொன்னே. போனா, ரெண்டாவது தடவை போட வேண்டிய பூவை நீ நிறுத்துப் பையில கட்டி ரெடியா வச்சிருந்தே. உனக்கு ஒரு வேலை குறையட்டுமேன்னு நான் ஏறிக் கொட்டினேன். நீ கொட்டுறதைத்தான் நான் பாத்திருக்கேன். அதுக்கு முன்னாடி, காத்து உள்ள போகாம இருக்க, நீ கீழ குனிஞ்சு கேஸ் குழாயைத் திறப்பேன்னு கவனிச்சதே இல்ல. அதுக்குள்ள உன் அண்ணன் ஃபிரெண்ட்ஸ் வந்துட்டாங்க, கூப்பிட்டார், இறங்கி ஓடிட்டேன். மூடிய மறந்தே போச்சு."

சின்னவள் திறந்திருந்த குழாயை இறுக்கி மூடினாள்.

"சாயங்காலமே உன் அண்ணன்கிட்ட அழுதேன். அவர் என்னை வாயைத் திறக்கவிடல. 'நீன்னு தெரிஞ்சா அப்பா சாகிற வரைக்கும் சொல்லிக் காட்டுவாரு, அவளோ பெத்த பொண்ணு, ரெண்டு நாள் திட்டிட்டு விட்டுடுவாரு'ன்னாரு. நேரா போய் உன் பேரைச் சொல்லிட்டாரு. ரெண்டு நாள்னுதான் நானும் நெனச்சேன்."

"பதினோரு மாசம் அண்ணி."

"எண்ணிக்கிட்டுதான் இருந்தேன்."

"வாயைத் தொறந்திருக்கலாம்ல?"

"பயம்" என்றாள் அண்ணி. அவ்வளவுதான். அலங்காரமெல்லாம் பண்ணவில்லை.

பதினோரு மாதமாக ஒரே ஆள் மேல் குறிவைத்த கோபத்துக்கு இப்போது எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. பொய் சொன்னவன் அவன். பொய்க்குப் பின்னால் ஒளிந்தவள் இவள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

"உன் நாக்குல படணும்னுதான் போட்டிக்கே அனுப்பினேன்" என்றாள் அண்ணி. "ஃபாரத்துல காய்ச்சினது யாருன்னு என் பேரைத்தான் எழுதினேன். அவர் அடிச்சிட்டு அவர் பேரை எழுதிட்டாரு. சரி, அதனால என்ன, நீ மோந்த உடனே கிளாஸைக் கவிழ்ப்பே, டாக்டர் ஏன்னு கேப்பாங்க, இது என்னோட பீர், என்னோட ஈஸ்ட்னு நீ எல்லார் முன்னாலயும் சொல்லுவே, அப்ப நானும் எழுந்து நின்னு எல்லாத்தையும் சொல்லிடலாம்னு காலையிலிருந்து உக்காந்திருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ கவிழ்க்கவே இல்லையே மூக்கி. ஏன்?"

ஒரு கிளாஸைக் கவிழ்த்திருந்தால் போதும். பதினோரு மாதமாகக் கேட்டது, அப்பா முன்னால், நாலு பேர் முன்னால், இன்றே கிடைத்திருக்கும். பழி ருசியாக இருந்ததால் அவளே அதைத் தட்டிவிட்டாள்.

அண்ணி பையிலிருந்து ஒரு ஜாம் பாட்டிலை எடுத்தாள். அடியில் பால் நிறத்தில் கெட்டியாக ஈஸ்ட், மேலே தேன் நிறத் தண்ணீர். "மொத்தமும் இதுதான். இது இல்லாம நாளைக்கு அவரால ஒண்ணும் பண்ண முடியாது, என்னாலயும் முடியாது." கொதிக்கிற பாத்திரத்தைப் பார்த்தாள். "வேணும்னா இப்பவும் ஊத்திடு. இந்தத் தடவையும் தடுக்க மாட்டேன்."

சின்னவள் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். மூடியைத் திருகி, ஒரே ஒரு முறை மோந்து பார்த்தாள். நோட்டுப் புத்தகம். மூடினாள். தன் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"நாளைக்கு எட்டு மணிக்கு நீங்களும் வரீங்க அண்ணி. முழுக்கைச் சட்டை போடாம வரீங்க."

"சொன்னா அப்பா என்னை வெளிய அனுப்பிடுவாரு மூக்கி."

"என்னை அனுப்பலையா?"

கதவு தட்டப்பட்டது. அப்பா. கையில் பாதி குடித்த கிளாஸ். பின்னாலேயே பெரியவன், பரிசுக் கோப்பையை இடுப்பில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு.

"மூக்கி" என்றார் அப்பா.

பதினோரு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயர்.

"அவன் எட்டாம் நாள்ங்கிறான். நீ மூணாம் நாள்தானே போடுவே?" அப்பா கிளாஸை நீட்டினார். "எனக்கு இது வெறும் ஈரமாத்தான் இருக்கு. வாசனை தெரியல. நீ சொல்லும்மா. இது யாரு கை?"

அண்ணி மூச்சை அடக்கிக்கொண்டாள். பெரியவன் கோப்பையை ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்கு மாற்றினான்.

இப்போதே சொல்லலாம். ஒரு வரி போதும். ஆனால் இது கிளாஸ் கழுவுகிற அறை. இங்கே சொன்னால் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். அழுகை, மன்னிப்பு, தோளைத் தட்டிக்கொடுத்தல் என்று அமுக்கிவிடுவார்கள். அவளைத் துரத்தியது ஊருக்குத் தெரியும். அவள் பெயர் திரும்பி வருவதும் ஊருக்குத் தெரிய வேண்டும்.

சின்னவள் அப்பாவின் கையிலிருந்து கிளாஸை வாங்கி, மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தாள். ருசியாக இருந்தது, பாவி.

"நாளைக்கு எட்டு மணிக்குச் சொல்றேன்பா. முன்வரிசையில உக்காருங்க."

"வா, வா, வந்து பாரு" என்று சிரித்தான் பெரியவன். "உன் அண்ணன் எப்படிக் காய்ச்சுறான்னு பாரு."

"முதல் ஆளா வந்து நிப்பேன் அண்ணா."

கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர்களைத் தாண்டி வெளியே நடந்தாள். அப்பா அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பெரியவன் அவர் காதில் விழாமல் மனைவி பக்கம் குனிந்தான். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

"அந்த ஜாம் பாட்டிலை நாளைக்கு மறக்காம எடுத்து வச்சிடு. என்னென்ன எப்பப்போ போடணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடு. ஈஸ்ட் பத்திரமாத்தானே இருக்கு?"

அண்ணி சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிடாமலே நின்றாள்.

"பத்திரமான கையில இருக்கு" என்றாள்.